பொள்ளாச்சிக் காற்றுக்கு ஒரு ஈரப்பத லாகர்

அப்பாரு சேர்த்து வைத்த தஞ்சாவூர் ஓவியங்களும் ஏட்டுக்கட்டுகளும் எங்கள் தோட்டத்து வீட்டில் ஓர் அறை நிறைய இருக்கின்றன. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டால் இங்கே துணிகூடச் சரியாகக் காயாது. அதனால்தான் இந்த புளூடூத் லாகரை வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான். அலமாரிக்குள் வைத்தால் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிந்துகொண்டே இருக்கும், செல்போனில் வரைபடமாகப் பார்க்கலாம்.

கொடுத்த காசு அந்த வரைபடத்துக்கே தகும். தஞ்சாவூர் ஓவியத்தில் அடியில் பலகை, மேலே துணி, அதன்மேல் சுண்ணப் பூச்சு, தங்க ரேக்கு. ஈரம் ஏறினால் பலகை உப்பும், பூச்சு அதே அளவுக்கு நெகிழாது, விரிசல் விடும். பகலில் ஏசி போட்டு ராத்திரி அணைத்தால் என்ன ஆகிறது என்று கோடு ஏறி இறங்கியதைப் பார்த்ததும் புரிந்தது.

துல்லியத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சாப்பாட்டு உப்பைச் சேறு போலக் குழைத்து, லாகரோடு டப்பாவில் மூடி ராத்திரி முழுக்க விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 78 காட்டியது. சரி, மூன்றைக் கழித்துப் படித்துக்கொள்கிறேன். 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், அதனால் அலாரத்தை 60இல் வைத்திருக்கிறேன்.

ஆனால் புளூடூத் எட்டும் தூரத்தில்தான் அலாரம் அடிக்கும். தோப்புக்குப் போய்விட்டால் ஒன்றும் தெரியாது. பழைய பதிவுகளை இறக்கத் தனிக் காசு கேட்பது அநியாயம். பெரிய அருங்காட்சியகத்துக்குப் போதாது, வீட்டுச் சேகரிப்புக்குத் தாராளமாக வாங்கலாமுங்க.