கோல்ஃப் வண்டி பேட்டரி: நிறுத்தத் தெரிந்த சார்ஜர் எது?

கோல்ஃப் வண்டியின் இருக்கையைத் தூக்கினால் ஈய-அமில பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். 36 வோல்ட் வண்டி என்றால் 6 வோல்ட் பேட்டரிகள் ஆறு. 48 வோல்ட் என்றால் 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு, அல்லது 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு. எப்படிப் பிரித்தாலும் 48 வோல்ட் வண்டியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த, தலா 2 வோல்ட் தரும் 24 செல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு மின்னேற்ற மூன்று வழிகள் உண்டு: தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி, கையில் அடங்கும் புதிய மின்னணு சார்ஜர், அதாவது கடைக்காரர்கள் ‘ஸ்மார்ட்’ என்று விற்பது, ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாகச் சிறிய சார்ஜரை மாட்டும் முறை.

எந்தச் சார்ஜரும் மின்சாரத்தை ஏற்றிவிடும். அதன் குணம் நிறுத்துகிற நேரத்தில்தான் தெரியும். செல் ஒன்றின் மின்னழுத்தம் சுமார் 2.4 வோல்ட்டைத் தாண்டும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியத் தொடங்கும். சார்ஜ் முடியும் தறுவாயில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றால், சோடாவை அப்போதுதான் ஊற்றிய குவளையைப் போல மெல்லிய சிடுசிடுப்புக் கேட்கும். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்பது இயல்பு. அமிலம் அடியில் தங்கிவிடாமல் கலப்பதற்கு அது தேவையும்கூட. ஆனால் காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். இருக்கையை மூடி, கதவையும் சாத்திவிட்டுத் தூங்கப்போகிறவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இது. ஹைட்ரஜன் லேசானது என்பதால் மேலே ஏறிக் கூரையடியில் தங்கும். தரையோரத்தில் இருக்கும் காற்றுத் துளை அதற்கு உதவாது.

முதலில் பழைய பெட்டி. அதன் டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் சேர்ந்து வெளியீட்டை ஒரு வரம்புக்குள் பிடித்து வைக்கின்றன. பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் தானாகவே குறையும். முகப்பில் உள்ள ஆம்பியர் முள் 20-க்கு மேல் தொடங்கி, மணிக்கணக்கில் மெல்ல இறங்கிவருவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த முள் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. விளக்கு பச்சையா சிவப்பா என்று சொல்வதைவிட, முள் இறங்கும் விதம் பேட்டரியைப் பற்றி நிறையச் சொல்லும். தூசு, ஈரம் எதற்கும் இந்தப் பெட்டி அசையாது. டையோடோ கெபாசிட்டரோ போனால் மாற்றிவிட்டு இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

அதன் பலவீனம் கடிகாரத்தில் இருக்கிறது. பழைய வகைகள் பல, திருகிவிட்ட நேரம் முடியும்வரை ஓடும். அரைச் சுற்று ஓடிய வண்டிக்கும் நாள் முழுக்க ஓடிய வண்டிக்கும் ஒரே நேரத்தை வைத்தால், முதலாவது வெந்துபோகும். பேட்டரி சூடானால் அதன் மின்னழுத்தம் தாழும். தாழ்ந்தால் அது இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் இன்னும் சூடாகும். ஒரு செல் செத்துப்போன பேட்டரி வரிசையில் இருந்தால் முள் இறங்கவே இறங்காது. அதைப் பார்க்க ஆள் இல்லையென்றால் பெட்டி விடிய விடிய ஊட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, இந்த வகை டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட்டது. 60 ஹெர்ட்ஸ் பெட்டியை 50 ஹெர்ட்ஸ் இணைப்பில் மாட்டினால் அது ஒழுங்காக வேலை செய்யாது. பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குமுன் பின்பக்கத் தகட்டைப் படித்துவிடுங்கள்.

புதிய சார்ஜர் கட்டம் கட்டமாக வேலை செய்கிறது. முதலில் முழு மின்னோட்டம். ஏறத்தாழ 80 சதவீதம் வரை இப்படியே போகும். அடுத்து மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்துக்கொள்ளும். 48 வோல்ட் வண்டிக்கு அது 58, 59 வோல்ட் அளவில் இருக்கும். பிறகு முழுதாக நின்றுவிடும், அல்லது சுமார் 54 வோல்ட்டுக்கு இறங்கிக் காத்திருக்கும். கூடவே வெப்ப உணரி இருந்தால்தான் இதன் மதிப்பு முழுமையாகும். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல் ஒன்றுக்கு 4 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைக்க வேண்டும். பேட்டரி 40 டிகிரியில் இருந்தால் 24 செல்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை வோல்ட். தண்ணீர் சீக்கிரம் வற்றுவதற்கும் வற்றாமல் இருப்பதற்கும் இடையிலான வித்தியாசம் இதுவே. உணரி சார்ஜரின் பெட்டிக்குள் இருந்தால் பயன் குறைவு. பேட்டரியோடு ஒட்டியிருக்க வேண்டும்.

பேட்டரி வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இந்தப் புத்திசாலித்தனமெல்லாம் வீண். தண்ணீர் ஊற்றும் வகைக்கான அமைப்பில், ஏஜிஎம் எனப்படும் மூடிய வகை பேட்டரியை ஏற்றினால், உள்ளே சேரும் வாயு வால்வு வழியே போய்விடும். போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை.

இதன் பிடிவாதமும் பேர்போனது. பல மாதங்கள் நிறுத்திவைத்த வண்டியில் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தால், எதிரே பேட்டரி இருப்பதையே அது ஒப்புக்கொள்ளாது. சில வண்டிகளில் மூளை சார்ஜரில் இல்லை, வண்டிக்குள் இருக்கும் கணினியில் இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்று அதுதான் முடிவு செய்யும். அத்தகைய வண்டிக்குச் சார்ஜரை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகாது. வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழி, மருந்து. தினசரிச் சாப்பாடாக ஆக்கிவிடக் கூடாது. எழுந்திருக்காத வண்டியின் ஒவ்வொரு பேட்டரியையும் தனியே ஓரளவுக்கு ஏற்றிவிட்டால், பிடிவாதக்காரச் சார்ஜர் பிறகு வழிக்கு வரும். வரிசையில் பின்தங்கிய ஒன்றை மட்டும் தேற்றவும் இது ஏற்றது. ஆனால் இரண்டு மூன்று சார்ஜர்களை ஒரே நேரத்தில் மாட்டுவதானால், அவற்றின் வெளியீடுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கோத்த வரிசையில் ஷார்ட் சர்க்யூட் ஆகும். 12 வோல்ட் கார் சார்ஜரை 8 வோல்ட் பேட்டரியில் மாட்டவே கூடாது. என்னை அதிகம் பயமுறுத்துவது கவ்விதான். சார்ஜர் ஓடும்போது கவ்வியைப் பிடுங்கினால், வாயு வெளியேறும் துளைக்கு நேர் மேலே பொறி பறக்கும்.

எந்த வழியானாலும் சில கட்டாயங்கள் பொது. சார்ஜரின் மின்னோட்டம் பேட்டரியின் கொள்ளளவில் 10 முதல் 13 சதவீதம் வரை இருப்பது நல்லது; 225 ஆம்பியர்-மணிக்கு 22 முதல் 29 ஆம்பியர். காய்ச்சி வடித்த நீரைச் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முன்னதாக ஊற்றலாம். முன்பே நிரப்பிவிட்டால் சூட்டில் விரிந்து, அமிலம் மூடி வழியே பொங்கி மேலெல்லாம் வழியும். கழற்றும்போது சுவரில் உள்ள ஸ்விட்சை முதலில் அணைத்துவிட்டு, அதன்பின் வண்டிப் பக்கம் கை வையுங்கள்.

என் தேர்வு, பேட்டரியோடு ஒட்டும் வெப்ப உணரி கொண்ட புதிய சார்ஜர். இரவில் யாரும் விழித்திருந்து பார்க்கப்போவதில்லை என்பதே முதல் காரணம். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை எடுத்து செல் செல்லாக அளக்கிறவர், முள்ளைப் பார்த்து நிறுத்துகிறவர் கையில் அது பாதுகாப்பானதே. நிரம்பிய செல் 1.265-இலிருந்து 1.280 வரை காட்டும். செல்களுக்கிடையே 0.030-க்கு மேல் வித்தியாசம் வந்தால் சமன்செய்யும் சார்ஜ் தேவை, அதாவது வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக ஏற்றிச் செல்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. அந்த வசதி புதிய சார்ஜர்கள் பலவற்றில் ஒரு பொத்தானாகவே இருக்கிறது; பழையதில் நீங்களே மணிக்கணக்கில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இரண்டு சார்ஜர்களும் ஒன்றுதான். ஏதோ ஒரு செல் மிதமிஞ்சிக் கொதிக்கிறது. சுவரில் மின்சாரத்தை அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நாற்றம் போய், பேட்டரிகள் நன்றாக ஆறிய பிறகு எந்தப் பேட்டரி என்று கண்டுபிடித்து மாற்றும்வரை, புதியதோ பழையதோ எந்தச் சார்ஜரையும் அந்த வண்டியில் மாட்ட வேண்டாம்.