ஆவண இணைப்பு: முழு முகவரியா, லேபிளா?

மேப்சர்வர், க்யூஜிஐஎஸ் என்ற இரு வரைபட மென்பொருள்களின் ஆவணங்களும், எழுத்துக் கோப்புகளை இணையப் பக்கங்களாக்கும் ஸ்பிங்க்ஸ் என்ற கருவியில்தான் உருவாகின்றன. அதில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றைச் சுட்ட, இணைய முகவரியை அப்படியே ஒட்டலாம். அல்லது சுட்ட வேண்டிய தலைப்புக்கு மேலே லேபிள் (ஒரு பெயர்க்குறி) வைத்து, 'ரெஃப்' என்ற கட்டளை மூலம் பெயர் சொல்லி அழைக்கலாம்.

முகவரி ஒட்டுவது நொடி வேலை. ஆனால் அந்தப் பக்கத்தை யாராவது வேறு ஃபோல்டருக்கு மாற்றினால், பில்ட் (ஆவணத்தை உருவாக்கும் ஓட்டம்) ஒரு எச்சரிக்கைகூடத் தராமல் முடிந்துவிடும். உதாரணமாக, வரைபடத்தை இணையம்வழி கேட்டுப் பெறுவதற்கான டபிள்யூஎம்எஸ் தரநிலையில், 1.1.1 பதிப்பில் தீர்க்கரேகை முதலில், 1.3.0-இல் இபிஎஸ்ஜி 4326 என்ற ஆய முறைக்கு அட்சரேகை முதலில். இது தெரியாமல் வரைபடம் வெறுமையாக வந்து, விடை தேடி நம் இணைப்பை அழுத்துபவர் 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழையில் போய் நிற்பார். அது எனக்குப் பொறுக்கவே இல்லை.

லேபிள் என்பது இரண்டு புள்ளி, ஓர் இடைவெளி, ஓர் அடிக்கோடு, பெயர், முக்காற்புள்ளி. அவ்வளவுதான். கோப்பு எங்கே போனாலும் கூடவே போகும். தலைப்பை மாற்றினால் இணைப்பின் எழுத்தும் தானாக மாறும். லேபிளை அழித்துவிட்டால் ஸ்பிங்க்ஸ் எச்சரிக்கும். எச்சரிக்கையைப் பிழையாகக் கொள்ளும்படி அமைத்தால் பில்டே தோற்றுவிடும். ஒரே தொல்லை, பெயர் திட்டம் முழுக்கத் தனித்திருக்க வேண்டும். 'அறிமுகம்' என்று நாலு பேர் வைத்தால் குழப்பம்தான். 'டபிள்யூஎம்எஸ்-அறிமுகம்' என்று முன்னொட்டோடு வையுங்கள்.

உள்ளே எல்லாம் லேபிள் என்பதே என் முடிவு. டபிள்யூஎம்எஸ்ஸை வெளியிடும் ஓஜிசி அமைப்பின் தரநிலை போன்ற வெளிப்பக்கங்களுக்கு முகவரிதான் வழி. அப்புறம் உடைந்த இணைப்புகளைக் கண்டுபிடிக்கும் ஸ்பிங்க்ஸின் லிங்க்செக்கை வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள்.