எஸ்கே லாங் ரேஞ்ச் மேட்ச் .22 தோட்டா: 50 மீட்டருக்கு வீண் செலவு, 200 மீட்டருக்குத் தாராளமாக வாங்கலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கிளப்பில் 50 மீட்டர் தளம் மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த டப்பாவுக்குக் காசு போடாதீர்கள், அதே கம்பெனியின் சாதாரண மேட்ச் டப்பாவே போதும், மிச்சக் காசில் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். 100 மீட்டருக்கு மேல் சுடுகிறவர்கள் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு தோட்டாவுக்கு விமர்சனம் எழுதுகிறான் என்றால் சிரிப்பார்கள், தெரியும். நம் ஊரில் துப்பாக்கி என்றாலே செம்பனைக் கன்றைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்கு மண்டோர் (தோட்டக் கங்காணி) தூக்கிக்கொண்டு போகும் ஒற்றைக்குழல் ஷாட்கன்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். குறிபார்த்துச் சுடுவது ஒரு விளையாட்டு என்பதே நிறைய பேருக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானி எட்டு மாத கர்ப்பத்தோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. ஆனாலும் .22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) ரைஃபிள் சுடுகிற சின்னக் கூட்டம் ஒன்று இந்தப் பக்கம் இருக்கிறது, கிளப் வழியாக, லைசென்ஸோடு, 1960 ஆயுதச் சட்டம் சொல்கிறபடி. ஒவ்வொரு டப்பாவும் கணக்கில் ஏறும் என்பதால் நினைத்த நேரத்தில் பத்து வகை வாங்கிச் சோதித்துப் பார்க்க நம்மால் முடியாது. வாங்குகிற ஒன்றைச் சரியாக வாங்க வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது எஸ்கே கம்பெனி ஜெர்மனியில் ஷோனபெக் என்ற ஊரில் செய்வது. குண்டின் எடை வழக்கமான 40 கிரெய்ன்தான், அதாவது 2.6 கிராம், வெறும் ஈயம், மேலே மெழுகு. டப்பாவில் போட்டிருக்கும் வேகம் நொடிக்கு 337 மீட்டர். இவர்களுடைய சாதாரண மேட்ச் (போட்டி) தோட்டா 327. "லாங் ரேஞ்ச்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு வெறும் 10 மீட்டர் வேகம்தான் கூட்டியிருக்கிறானா என்று எனக்கும் முதலில் எரிச்சல்தான் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 மீட்டருக்கு ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்துவிட்டு 200 மீட்டரில் சுட்டால் சாதாரண குண்டு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கீழே போய் அடிக்கும். இந்த 10 மீட்டர் கூடுதல் வேகத்தால் அதில் மிச்சமாவது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. அந்த அளவை ஸ்கோப்பில் சில கிளிக் திருகினாலே எடுத்துவிடலாமே, இதற்கா இவ்வளவு விலை?

விலை அதற்கில்லை. ஒரே டப்பாவுக்குள் ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சராசரி வேகம் கூடினால் ஸ்கோப்பைத் திருகலாம், ஒன்று 330இலும் அடுத்தது 340இலும் போனால் எதைத் திருகுவது? அந்த 10 மீட்டர் வித்தியாசம் 50 மீட்டர் தளத்தில் 7 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தெரியும், பத்துப் புள்ளி வளையமே 10.4 மில்லிமீட்டர் என்பதால் போட்டிக்காரன் கவலைப்படுவான், நம்மைப் போன்றவர்கள் மூச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று நம்மையே நொந்துகொண்டு போய்விடுவோம். அதே வித்தியாசம் 200 மீட்டரில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் ஆகிவிடும். நாம் சரியாகத்தான் சுட்டிருப்போம், குண்டு இலக்காக வைத்த தகட்டுக்கு மேலேயும் கீழேயுமாகப் போய்க்கொண்டிருக்கும்.

.22இல் இந்தச் சீரான வேகத்தைக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தே ஒரு கிரெய்னை ஒட்டித்தான், அதில் துளி கூடினாலும் குறைந்தாலும் அது பெரிய பங்கு. இதற்குத் தனியாகப் பிரைமர் (அடித்ததும் பொறி கொடுக்கும் சின்ன மூடி) கிடையாது, பற்றவைக்கிற பசையைப் பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள் சுழற்றிப் பரவ விடுகிறார்கள், அது ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து இருந்தால் மருந்து பற்றுகிற விதமே மாறிவிடும். பெரிய ரைஃபிளில் ஆள் தானே மருந்தை எடைபோட்டு அடைத்துக்கொள்கிற நாடுகள் உண்டு, .22இல் நடைமுறையில் அந்த வேலை ஆகாது, தொழிற்சாலை என்ன கொடுக்கிறதோ அதுதான்.

சரி, குண்டின் வடிவத்தை மாற்றி நீண்ட தூரத்துக்குச் சரிசெய்ய முடியாதா என்று கேட்பீர்கள். பெரிய ரைஃபிள்காரர்கள் அதைத்தானே செய்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1898லேயே கூர்மூக்கும் ஒடுங்கிய வாலும் உள்ள குண்டைக் கொண்டுவந்துவிட்டார்கள், மூக்கு கூராக இருந்தால் முன்னால் காற்றைக் கிழிப்பது சுலபம், வால் ஒடுங்கியிருந்தால் பின்னால் இழுக்கும் வெற்றிடம் சிறியது. பிரிட்டிஷ்காரன் 1910இல் எடுத்த .303 மார்க் 7 குண்டில் மூக்குப் பகுதிக்குள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியம் இருந்தது, எடையை ஏற்றாமல் மூக்கை நீட்டுவதற்கு. 1948 ஜூனில் நம் ஊர்ப் பக்கம் மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்த பிறகு, தோட்டக் காவலுக்கு வந்தவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தது அந்த .303தான். பால்மரக் காட்டுக்குள் ஐம்பதடிக்கு அப்பால் ஆள் தெரியாத இடத்தில் ஆயிரம் கெஜம் தாண்டிப் பாய்கிற குண்டு! அதெல்லாம் பெரியவர்கள் பேசிக் கேட்டது, விடுங்கள்.

.22இல் அந்த விளையாட்டு நடக்காது. 1887இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி போட்ட அளவு, இன்றுவரை அதே அளவுதான். குண்டும் பித்தளைக் கூடும் ஒரே தடிமன், அடிப்பக்கம் கொஞ்சம் சிறுத்து கூட்டுக்குள் செருகிக்கொள்ளும். மூக்கை நீட்டினால் மேகசினில் அடங்காது. எடையைக் கூட்டி நீளமாக்கினால் இன்னொரு தொல்லை, .22 குழல்களில் குண்டைச் சுழற்றுவதற்காக உள்ளே வெட்டிய வரிகளின் முறுக்கு பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அந்தச் சுழற்சி 40 கிரெய்ன் குண்டை நேராகப் பிடிக்கும், 60 கிரெய்னுக்குப் போதாது. போதாவிட்டால் குண்டு தள்ளாடிக்கொண்டே போய்க் காகிதத்தில் பக்கவாட்டில் விழும், ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் மாதிரி நீண்டிருக்கும். ஆகவே இந்த ஜெர்மன்காரர்களுக்குக் கையில் மிச்சமிருந்தது வேகத்தை எங்கே நிறுத்துவது, எவ்வளவு சீராக நிறுத்துவது என்ற இரண்டுதான்.

வேகத்தை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நம் வெயில் உள்ளே வருகிறது. எனக்கு இந்தத் தோட்டாவில் பிடித்த பகுதியே இதுதான். குண்டு ஒலியின் வேகத்தைவிட வேகமாகக் கிளம்பி, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடந்து கீழே இறங்கும்போது அதன் மேல் படியும் காற்றழுத்தம் இடம் மாறிக் குண்டை உலுக்கும், நெடுஞ்சாலையில் மரக்கட்டை லாரி முந்திப் போகும்போது நம் மோட்டார் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடுமே, அப்படி. அதனால்தான் மேட்ச் தோட்டாக்களை ஒலிக்குக் கீழேயே வைக்கிறார்கள். ஆனால் ஒலியின் வேகம் எல்லா ஊரிலும் ஒன்றா? பூஜ்ஜியம் டிகிரியில் 331 மீட்டர். நம் ஊரில் பகல் 32 டிகிரியில் 350. ஆக, ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இந்த 337 தோட்டாவைச் சுடுகிறவன் ஒலியைத் தாண்டிக் கிளம்பி உலுக்கலை வாங்கிக்கொள்வான், நமக்குக் கிளம்பும்போதே கீழேதான் இருக்கும். கிளப்பில் இருக்கும் குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) என் குழலில் சராசரி 340ஐ ஒட்டி வந்தது, சூட்டில் மருந்து கொஞ்சம் வேகமாக எரியும், அது எதிர்பார்த்ததுதான், அப்படியும் 350க்குக் கீழே இடம் இருக்கிறது.

காற்றும் நமக்குச் சாதகம். நம் ஊர்க் காற்று ஈரமாக, கனமாக இருக்கிறது, அதனால் குண்டு சீக்கிரம் விழும் என்று கிளப்பிலேயே ஒருவர் சாதிப்பார். நேர்மாறு. நீராவி உலர்ந்த காற்றைவிட லேசானது, சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட லேசானது, இரண்டும் சேர்ந்து பூஜ்ஜியம் டிகிரிக் காற்றைவிட பத்துப் பன்னிரண்டு சதவீதம் அடர்த்தி குறைவு. கனமாகத் தெரிவது நம் வியர்வை காயாததால்.

"அப்படியென்றால் ஹைவெலாசிட்டி வாங்கினால் இன்னும் நல்லதுதானே" என்று கேட்கிற புது ஆட்களுக்கு: இல்லை. 380 மீட்டர் வேகத்தில் கிளம்பும் .22 குண்டு, ஒலியை ஒட்டிய இடத்தில் காற்றின் இழுப்பு எகிறுவதால் கிளம்பிய வேகத்தைச் சீக்கிரம் தொலைத்துவிடும், அப்படித் தொலைக்கிற நேரத்தில்தான் பக்கக்காற்று அதைத் தள்ளுகிறது. 100 மீட்டரில் மெதுவான மேட்ச் குண்டைவிட வேகமான குண்டுதான் காற்றில் அதிகமாக விலகும், நம்ப மாட்டீர்கள், சுட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் நான் வாங்கிய ஹைவெலாசிட்டி டப்பா ஒன்று (பெயர் வேண்டாம்) சுண்ணாம்புக் குன்றுப் பக்கமிருந்து வரும் மத்தியானக் காற்றில் 100 மீட்டரில் காகிதம் முழுக்கப் பொட்டு வைத்துவிட்டது. சத்தம் மட்டும் பிரமாதம்.

இப்போது என் கையில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். 50 மீட்டரில் சாதாரண மேட்சுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 100இல் மேலும் கீழும் சிதறுவது குறைந்தது, பக்கவாட்டில் அப்படியேதான், அது காற்றையும் என்னையும் பொறுத்தது, தோட்டா என்ன செய்யும். வேறு மாநிலத்தில் இருக்கும் நீளமான தளத்துக்குப் போய் 200இல் சுட்டபோதுதான் காசு எங்கே போயிற்று என்று கண்ணுக்குத் தெரிந்தது: சாதாரண டப்பாவில் தகட்டுக்குக் கீழே மண்ணைக் கிளப்பும் குண்டு அடிக்கடி ஒன்று வரும், இதில் அப்படி வருவது அபூர்வமாகிவிட்டது. அந்தத் தூரத்துக்குப் போகிறவர்கள் ஸ்கோப்புக்கு அடியில் 20 மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு மினிட்) சரிவுள்ள பட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நிறைய ஸ்கோப்புகளில் திருக இடம் தீர்ந்துவிடும், தோட்டா எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. மெழுகு நம் சூட்டில் இளகும், இளகினால் தூசி ஒட்டும், விரலில் வரும். எல்லா மெழுகு பூசிய தோட்டாவுக்கும் இதே கதைதான், டப்பாவை நிழலில் வையுங்கள், வெயிலில் பெஞ்சின் மேல் பரப்பி வைக்காதீர்கள். அப்புறம், வேறு வகையிலிருந்து இதற்கு மாறினால் பழைய மெழுகு குழலிலிருந்து போய்ப் புதியது படிகிற வரை முதல் சில குண்டுகள் எங்கெங்கோ போகும், அதை வைத்துத் தோட்டா மட்டம் என்று முடிவுகட்டாதீர்கள். குரோனோகிராஃப் இல்லாமல் வெறும் ஐந்து குண்டு சுட்டுவிட்டு "என் குழலுக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச்சே கிடையாது.

எல்லாவற்றையும் விட முக்கியம் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதிக்கு டப்பாவில் போடும் எண். நான் டப்பாவைக் காட்டிப் பெருமையடித்தபோது எங்கள் கிளப்பின் மூத்தவர், முன்னாள் போலீஸ்காரர், பெயரைக்கூடப் படிக்காமல் டப்பாவைப் புரட்டி "தம்பி, இதே லாட் இன்னும் எத்தனை டப்பா இருக்குன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "அப்புறம் என்னத்த வாங்கின?" ஒரே பெயர், ஒரே தொழிற்சாலை, ஆனால் ஒரு நாள் கலவைக்கும் இன்னொரு நாள் கலவைக்கும் வித்தியாசம் இருக்கும், ஒரு லாட் உங்கள் குழலோடு ஒத்துப்போகும், அடுத்தது அவ்வளவாக ஒத்துப்போகாது. இதே ஷோனபெக்கில் ஆட்கள் தங்கள் ரைஃபிளைக் கொண்டுபோய் லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனைத் தளமே நடத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஆகாது. முடிந்தது ஒன்றுதான், முதலில் ஒரு டப்பா வாங்கிச் சுட்டு, பிடித்திருந்தால் லைசென்ஸ் விடுகிற அளவுக்கு அதே லாட்டை உடனே எடுத்துவிடுவது.

விலையைப் பற்றி நான் எண் போடவில்லை, கிளப் மொத்தமாக வரவழைப்பதைப் பொறுத்து மாறும், சாதாரண மேட்சைவிடக் கணிசமாக அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைத் தவுக்கே (முதலாளி) தோட்டாவின் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு "வந்தால் போன் போடுகிறேன்" என்பார், அவரிடம் லாட் நம்பரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நானும் 50 மீட்டர் பயிற்சிக்குப் பழைய சாதாரண டப்பாவையே வாங்குகிறேன், இது நீளத் தளத்துக்குப் போகிற நாளுக்கு மட்டும்.