கொமெதிதோவா, பார்கோவா?

நாகர்கோவிலில் ஸ்பானிஷ் படிக்கும் என் தங்கை, "அளந்து பேசுபவர்" என்பதற்கு எந்தச் சொல் சரி என்று கேட்டாள். கொமெதிதோதான். அளத்தலைக் குறிக்கும் 'மெதிர்' அதற்குள்ளேயே இருக்கிறது. குளச்சல் மீன் ஏலத்தில் எல்லோரும் கத்தும்போது, "கொஞ்சம் பொறுங்க மக்களே" என்று தணிந்த குரலில் சொல்லும் பெரியவர் கொமெதிதோ. நிதானமும் மரியாதையும் சேர்ந்தவர். பெண் என்றால் கொமெதிதா. இந்தச் சொல் பேச்சைவிட எழுத்துக்கே அதிகம் பொருந்தும். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் இதே சொல் ஓடிவந்து உதவுபவரையும் குறிக்கும். எனக்கு அந்தப் பொருள் ரொம்பப் பிடிக்கும்.

பார்கோ அப்படியல்ல. அளவு குறைவு, அவ்வளவுதான். "பார்கோ என் பலாப்ராஸ்" (சொற்களில் பார்கோ) என்றால் அதிகம் பேசாத ஆள். மரியாதை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒருவரின் பண்பைப் பாராட்டி எழுதும்போது பார்கோ வேண்டாம்.