அல்ஃபோன்ஸா, கிறிஸ்துமஸ் தீவா? சென்னையிலிருந்து கணக்குப் போட்டால்

காசிமேட்டில் பாறை மீனைத் துண்டு போட்டு வாங்கிப் பழகியவரிடம், அதே இனத்து ஜிடி (ஜயன்ட் டிரெவல்லி என்ற ராட்சதப் பாறை) முழங்கால் தண்ணீரில் திருக்கையின் முதுகை ஒட்டிக்கொண்டு இரை தேடி வரும் என்றால் சிரிப்பார். பவளத் தீவுகளைச் சுற்றியிருக்கும் ஆழமில்லாத மணல்வெளியில் அது அன்றாடக் காட்சி. அந்த வெளிக்குப் பெயர்தான் ஃப்ளாட்ஸ். மீனைக் கண்ணால் பார்த்து, நடந்துபோய், அதன் முன்னால் ஃப்ளையை, அதாவது ஹூக்கில் இறகும் நூலும் கட்டிய போலி இரையை, வீச வேண்டும். ஃப்ளைக்கு எடை கிடையாது, லைனின் (தூண்டில் நூலின்) எடைதான் அதைக் கொண்டுபோகும். எல்லாக் கஷ்டமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

இந்த ஃப்ளை மீன்பிடிப்புக்கு எங்கே போவது? சென்னைக்காரருக்கு முதலில் தோன்றுவது அந்தமான். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், நம்ம துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு. ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் படகில் இருந்தபடி பாப்பர் (நீர்மேல் துள்ளும் போலி மீன்) வீசும் ஜிடி வேட்டை. நடந்து தேடும் மணல்வெளி குறைவு. அலையாத்தி ஓடைகளில் உப்புநீர் முதலை இருப்பதால் இறங்கி நடப்பது விவேகமில்லை. எடையுள்ள போலி மீனை வீசும் ஸ்பின்னிங் ராட் வைத்திருப்பவர் தாராளமாகப் போகலாம்.

மாலத்தீவு குடும்பத்தோடு போகிறவருக்கு. இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவச விசா. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. ஜிடி, நீலத்துடுப்புப் பாறை, கிளாத்தி எல்லாம் உண்டு. ஃப்ளைக்காரர்கள் தேடி அலையும் வெள்ளி நிற மீனான போன்ஃபிஷ் கூட்டத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு சிக்கல் கைடு, அதாவது வழிகாட்டி. படகோட்டிகளில் பலர் ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுக்கும் டிரோலிங்கிலும் இரவுக் கைத்தூண்டிலிலும் கெட்டிக்காரர்கள், ஆனால் ஃப்ளைக்காரருக்கு மீனைக் காட்டுவது வேறு வேலை. அது தெரிந்தவர் இருக்கிறாரா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நிஜப் போட்டி, சீஷெல்ஸின் அல்ஃபோன்ஸ் தீவுக்கும் பசிபிக் கடலில் இருக்கும் கிரிபாட்டி நாட்டின் கிறிஸ்துமஸ் தீவுக்கும் நடுவில்தான்.

இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் முக்கால்வாசி அமெரிக்கர் எழுதியவை. ஹொனலூலுவிலிருந்து மூன்று மணி நேர விமானம், எளிமையான லாட்ஜ், குறைந்த செலவு என்று கிறிஸ்துமஸ் தீவுக்கு ஓட்டுப் போடுவார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. நிலப்பரப்பில் உலகின் மிகப் பெரிய பவளத்தீவு அது. கெட்டியான மணல், ஆண்டு முழுக்க போன்ஃபிஷ். லாரியிலோ படகிலோ ஒரு திட்டில் இறக்கிவிட்டால் நாள் பூராவும் நடக்கலாம். (1957, 58இல் பிரிட்டன் ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதித்த இடமும் இதுவே.) ஆனால் சென்னையிலிருந்து ஃபிஜியோ ஹவாயோ சுற்றித்தான் போக வேண்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு விமானம்தான், இணைப்பைத் தவறவிட்டால் விடுப்பில் பாதி போச்சு. லாட்ஜில் மிச்சம் பிடித்ததை டிக்கெட் தின்றுவிடும்.

அல்ஃபோன்ஸ் நம் பக்கத்துக் கடல். மும்பை அல்லது துபாய் வழியாக சீஷெல்ஸின் முக்கியத் தீவான மாஹே, அங்கிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரம். தினமும் படகில் பக்கத்து செயின்ட் ஃபிரான்சுவா பவளத்திட்டுக்குக் கூட்டிப் போவார்கள். போன்ஃபிஷ், ஜிடி, கிளாத்தி, நம் பழவேற்காட்டுக்காரர்களுக்குத் தெரிந்த பால் கெண்டை என்று வகை அதிகம். பால் கெண்டை பாசி மேய்வது, அதற்குப் பாசி போலக் கட்டிய ஃப்ளைதான் வேண்டும். சீசன் அக்டோபர் முதல் மே வரை, மற்ற மாதங்களில் தென்கிழக்குக் காற்று விடாது. நுனியில் எதிர்முள் இல்லாத ஹூக், பிடித்ததை விட்டுவிட வேண்டும். செலவு அதிகம்தான், ஆனாலும் சென்னையிலிருந்து போகிறவருக்கு எங்கள் ஓட்டு இதற்கே. ஜிடி வெறியர்கள் அதே சீஷெல்ஸின் காஸ்மொலெடோ பவளத்திட்டு என்பார்கள். மாஹேயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், வாரத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டும். அது இரண்டாவது பயணத்துக்கு இருக்கட்டும்.

எங்கே போனாலும் இரண்டு ராட் வேண்டும். போன்ஃபிஷுக்கு 9 அடி, 9 வெயிட் (எந்த எடை லைனுக்கான ராட் என்று சொல்லும் எண்). ரீலில் லைனுக்கு அடியில் சுற்றும் பேக்கிங் நூல், 30 பவுண்டு தாங்குவது, 200 மீட்டர். லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் லீடர் நரம்பு 10 அடி, நுனியில் 16 பவுண்டு ஃப்ளூரோகார்பன். 6ஆம் எண் ஹூக்கில் கட்டிய கிரேஸி சார்லி என்ற ஃப்ளை. ஜிடிக்கு 12 வெயிட், 6/0 ஹூக், இரண்டு மீட்டர் நீளத்தில் நூறு பவுண்டுக்கு மேற்பட்ட லீடர். லைன் வெப்பமண்டலத்துக்கானதாக இருக்கட்டும். குளிர்நாட்டு லைன் அந்த வெயிலில் தொளதொளத்து ராடின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும்.

மீன் தப்புவதற்கு முக்கியக் காரணம் நம் கைதான். எண்ணூர் கழிமுகத்தில் மடவை பிடித்த பழக்கத்தில், கடித்ததும் ராடை மேலே சுண்டுவோம். ஃப்ளை வாயை விட்டு வெளியே வந்துவிடும். ராட் நுனி தண்ணீரைத் தொட்டபடியே இருக்க, இடக்கையால் லைனை நீளமாக இழுத்துத்தான் ஹூக்கைப் பதிக்க வேண்டும். ஹூக் பட்டதும் மீன் ஓடும், அப்போது லைனை விட்டுவிடுங்கள். பிடித்தால் லீடர் அறும்.

இதற்கான பயிற்சிக்குத் திருவொற்றியூர் கடற்கரையே போதும். பிற்பகல் கடல்காற்று ஏறியதும் வடக்கே பார்த்து நின்றால் காற்று வலது தோளில் விழும். வலக்கைக்காரருக்கு மிகவும் ஆபத்தான காற்று அது, லைனைத் தலைமேல் தள்ளும். ராடை இடது தோள் பக்கம் சாய்த்து வீசப் பழகுங்கள். ஹூக்குக்குப் பதில் கம்பளி நூல் துண்டு கட்டுங்கள். அந்தக் காற்றில் மூன்றே வீச்சில் 15 மீட்டர் போகிற வரைக்கும் டிக்கெட் போட வேண்டாம்.