மிர்நீசி சீரம்/பிளாஸ்மா அட்வான்ஸ்டு கிட்: ஓடி முடித்தவரின் ரத்தத்துக்குச் சரிப்படுமா?

பயிற்சி ஆய்வில் ஒரே ஆளிடம் ஓட்டத்துக்கு முன், முடிந்த உடனே, ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் என நான்கு தடவை ரத்தம் எடுப்போம். குழாய்க்குக் குழாய் பிரித்தெடுப்பு ஆடினால், ஏறியது மைக்ரோஆர்என்ஏவா (மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏ) நம் கைப்பிழையா என்று சொல்ல முடியாது. ரத்தத்தின் திரவப் பகுதியான சீரம், பிளாஸ்மாவிலிருந்து மைக்ரோஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும், கியாஜென் நிறுவனத்தின் இந்த 50 மாதிரிக் கிட்டை அந்த ஒரு கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

பழைய மிர்நீசி சீரம்/பிளாஸ்மா கிட்டில் 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுக்கு 1 மில்லிலிட்டர் கியாசால் (ஃபீனால் கலந்த கரைசல்), பிறகு குளோரோஃபார்ம். மேலடுக்கை உறிஞ்சும்போது ஒருவர் கொஞ்சம் அதிகம் எடுப்பார், ஒருவர் பயந்து குறைவாக எடுப்பார். ஆட்டம் தொடங்குவதே அங்கேதான். அட்வான்ஸ்டு கிட்டில் ஃபீனால் இல்லை, அடுக்கும் இல்லை. 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் ஆர்பிஎல் என்ற உடைக்கும் கரைசல் 60 மைக்ரோலிட்டர், கலக்கி 3 நிமிடம். புரதத்தைப் படியவைக்கும் ஆர்பிபி 20, குறைந்தது 20 நொடி நன்றாகக் கலக்கி மேலும் 3 நிமிடம். 12,000 ஜி (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு) விசையில் 3 நிமிடம் சுழற்றினால் புரதம் அடியில் கட்டியாக உட்காரும். மேலே நிற்கும் சுமார் 230 மைக்ரோலிட்டரை எடுத்து, அதே அளவு ஐசோபுரோப்பனால் சேர்த்து வடிகுழாயில் (ஆர்என்ஏவைப் பிடித்துக்கொள்ளும் காலம், column) ஏற்ற வேண்டும். கழுவு கரைசல்கள் ஆர்டபிள்யூடி 700, ஆர்பிஇ 500, 80 சதவீத எத்தனால் 500 என மூன்று கழுவல். கடைசியில் 20 மைக்ரோலிட்டர் நீரில் இறக்கலாம்.

சொதப்பும் இடங்கள் மூன்று. சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் கொழுப்பு மிதக்கும். மேல்நீர் கலங்கியிருந்தால் மறுபடி சுழற்றித் தெளியவைத்த பிறகே ஏற்றுங்கள். எத்தனால் கழுவலுக்குப் பின் மூடியைத் திறந்து முழு வேகத்தில் 5 நிமிடம் உலர்த்தும் படியைச் சுருக்கினால், மிச்ச எத்தனால், மைக்ரோஆர்என்ஏவை அளக்கும் பெருக்கல் வினையான பிசிஆரைக் கெடுக்கும். சிஇஎல்-மிர்-39 கட்டுப்பாட்டை (பிரித்தெடுப்பு சீரா என்று பார்க்க நாமே தெரிந்த அளவில் சேர்க்கும் மைக்ரோஆர்என்ஏ) ஆர்பிஎல் ஊற்றிய பிறகே சேர்க்க வேண்டும். வெறும் பிளாஸ்மாவில் விட்டால் அங்குள்ள ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி) அதைத் தின்றுவிடும். (இது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவின் வரிசை.) இறக்கிய ஆர்என்ஏவை நானோடிராப்பில் (ஒளியை உறிஞ்சும் அளவால் செறிவு காட்டும் கருவி) அளக்காதீர்கள். அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. எல்லா மாதிரிக்கும் ஒரே கொள்ளளவு, 10 மைக்ரோலிட்டர் ஆர்டி (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும்) வினைக்கு 2 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை கிட்டுக்கு நல்ல மதிப்பெண்தான். ஆனால் பயிற்சி ஆய்வில் பெரும்பாலான தவறு, பிளாஸ்மா கிட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். மிர்-39 அளவு சீராக இருந்தால் பிரித்தெடுப்பு சீர் என்று மட்டுமே பொருள்; ரத்தம் எடுத்த விதத்தைப் பற்றி அது வாயே திறக்காது. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் போட்ட குழாய் வேண்டவே வேண்டாம், அது பிசிஆரைத் தடுக்கும். இடிடிஏ குழாய், 4 டிகிரியில் 1,900 ஜி 10 நிமிடம், பிறகு 16,000 ஜி 10 நிமிடம். இரண்டாம் சுழற்றலை விட்டால் பிளேட்லெட்டுகள் தங்கி மிர்-223, மிர்-126 இரண்டையும் ஏற்றிக் காட்டும். மிர்-126ஐ ரத்தக்குழாய் உள்படலத்தின் அடையாளமாக வாசிப்பவர்களுக்கு அது பெரிய ஏமாற்று.

ஓட்டக்காரர்களிடம் இன்னொரு சிக்கல்: பாதம் தரையில் அறைவதால் உடலுக்குள்ளேயே சிவப்பணு உடையும். ஊசி குத்தியதில் உடைந்ததா, ஓடியதில் உடைந்ததா என்று குழாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. மிர்-23ஏ-3பியின் சிடியிலிருந்து (பிசிஆரில் சமிக்ஞை தெரியவரும் சுற்று எண்; அளவு கூடினால் இது குறையும்) சிவப்பணுவில் நிறைந்த மிர்-451ஏயின் சிடியைக் கழித்து 7க்கு மேல் வந்தால் சந்தேகப்படுங்கள். சிவப்பணுவில் நிறைந்திருக்கும் மிர்-16ஐ ஒப்பீட்டு மரபணுவாக வைத்துக் கணக்குப் போட்டால், உண்மையான ஏற்றமும் இறக்கமாகத் தெரியும். வியர்த்துப் பிளாஸ்மா சுருங்குவதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். 10 சதவீதம் சுருங்கினாலும் சிடியில் அது வெறும் 0.15தான். மாரத்தான் முடிந்த உடனே தசையின் மிர்-1, மிர்-133ஏ ஏறி ஒரு நாளில் அடங்குவதை 2014இல் பாகிஷ் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. அந்த அளவு ஏற்றத்தை இந்தச் சுருக்கம் விளக்காது.

கிட்டின் எல்லையும் ஒன்று உண்டு. ரத்தத்தில் ஆர்கோநாட் என்ற புரதத்தோடு ஒட்டிய மைக்ரோஆர்என்ஏவும், செல்கள் வெளியிடும் நுண்பைகளுக்குள் இருப்பதும் சேர்ந்தேதான் வரும். உடற்பயிற்சி நுண்பைகளில் எதை அனுப்புகிறது என்பதே உங்கள் கேள்வி என்றால், நுண்பைகளை முதலில் தனியே பிரித்தெடுக்க வேண்டும். இதை மட்டும் வாங்கிப் பயனில்லை.

ஒருவருக்கு நான்கு நேரம், ஒவ்வொன்றும் இரட்டை என்றால் 8 வடிகுழாய். 50இல் ஆறு பேர் அடங்குவார்கள். ஒருவரின் எட்டையும் ஒரே நாளில், ஒரே கையால் முடியுங்கள். பெட்டிகளை ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் மொத்தமாக வாங்கி, வடிகுழாய்களை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். கழிவில் குவானிடின் இருப்பதால் பிளீச் ஊற்றவே ஊற்றாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.