கெட்டியான கழுத்து காலர்: பிடிமானம் உண்டு, சுகம் இல்லை

விழுந்ததில் அப்பாவுக்குக் கழுத்தின் 2ஆம் எலும்பில் முறிவு, வயதானவர்களுக்குக் கழுத்தில் அதிகம் முறிவதே அங்கேதான். எலும்பு விலகவில்லை, கைகால் பலமும் குறையவில்லை என்பதால் அறுவை சிகிச்சைக்குப் பதில் இந்தக் காலர்.

பிடிமானத்தைக் குறை சொல்ல முடியாது, மென்மையான ஸ்பாஞ்சு காலர் இந்த அளவுக்கு அசைவைத் தடுக்காது. ஆனால் தாடைக்கு அடியிலும் பின்மண்டையிலும் தோல் சிவந்து புண்ணாகப் பார்க்கும், ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள இன்னொருவர் துடைத்து உள்ளுறையை மாற்ற வேண்டும், சாப்பிடும்போது புரையேறும் பயம் வேறு.

திருகு வைத்து முதல் இரண்டு எலும்புகளையும் இணைத்துவிடலாமே என்றால், சரி, எலும்பு கூடும் வாய்ப்பு அதிகம்தான், அப்புறம் தலையைத் திருப்பும் அளவில் ஏறக்குறைய பாதி போய்விடும். முழுதாகக் கூடாமல் நார்த்திசு பிடித்துக்கொண்டாலே பல முதியவர்கள் வலியில்லாமல் இருக்கிறார்கள்.

5க்கு 3 தருவேன். அளவு பார்த்துப் பொருத்தித் தராத கடையில் வாங்காதீர்கள்.